43 முதல் 55 அங்குலம் வரை: யாழ்ப்பாண வீட்டுக்கு 4கே ரீவி எடுப்பவர்களுக்கு

கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ எந்தக் கடைக்குள் போனாலும் பெட்டிக்குப் பெட்டி 4கே என்று எழுதியிருக்கும். 50 அங்குலத்துக்கு மேலே 4கே இல்லாத புது ரீவியைத் தேடிப்பிடிப்பதுதான் இன்றைக்குக் கஷ்டம். ஆகவே "இது 4கே-யா?" என்று கேட்டு ஒரு ரீவியைத் தெரிவுசெய்ய முடியாது. ஒரே அளவு, ஒரே 4கே, ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. அந்த மேலதிகக் காசு திரைக்குப் பின்னாலிருக்கும் வெளிச்சத்துக்கும், அதைக் கட்டுப்படுத்தும் முறைக்கும், உள்ளே ஓடும் மென்பொருளுக்கும் போகிறது. இவற்றை எப்படிப் பார்த்து எடுப்பது, எடுத்ததை நமது மின்சாரத்திலும் மாரி இடியிலும் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒழுங்காகப் பார்ப்போம்.

கடைக்குப் போகமுதல் வீட்டை அளவுங்கள்

ரீவி வரப்போகும் சுவரிலிருந்து நீங்கள் வழக்கமாக இருக்கும் கதிரை அல்லது செற்றிவரை எத்தனை அடி? அளவு நாடாவைப் பிடித்தே பாருங்கள். கண்மதிப்பு எப்போதும் பிழைக்கும்.

படம் கண்ணை நிறைத்துத் தெரிய, 43 அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 அடிக்குள், 50 அங்குலத்துக்கு 7 அடிக்குள், 55 அங்குலத்துக்கு ஏழரை அடிக்குள் இருக்க வேண்டும். நமது வீடுகளின் முன் மண்டபத்தில் கதிரைகள் பெரும்பாலும் 9 அல்லது 10 அடி தள்ளித்தான் கிடக்கும். அந்தத் தூரத்துக்கு 55-கூடப் பெரிதல்ல. சிறிய அறை, கட்டிலில் இருந்து பார்ப்பது என்றால் 43 தாராளம்.

பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி, திரையின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 43 அங்குலத் திரை 95 சென்ரிமீற்றர் அகலம், 54 உயரம். 50 அங்குலம் 111க்கு 62. 55 அங்குலம் 122க்கு 69. சட்டத்துக்காகப் பக்கத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தால், கதவு திறக்கும்போது இடிக்கிறதா, சாமிப்படத்தட்டை மறைக்கிறதா, பிளக் எங்கே இருக்கிறது எல்லாம் தெரிந்துவிடும்.

இதே இடத்தில் ஒரு கணக்கையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 4கே என்றால் திரையில் 3840க்கு 2160 புள்ளிகள், மொத்தம் ஏறத்தாழ 83 இலட்சம். முழு எச்டி என்றால் 1920க்கு 1080, அதாவது நாலில் ஒரு பங்கு. ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வையுள்ள ஒருவர் 55 அங்குலத் திரையில் முழு எச்டிக்கும் 4கேக்கும் உள்ள வேறுபாட்டை ஏறத்தாழ 7 அடிவரைதான் பிரித்தறிவார். 43 அங்குலத்தில் அது ஐந்தரை அடி. 10 அடி தள்ளியிருந்து 43 அங்குலத்தைப் பார்க்கும் வீட்டில் 4கே என்ற சொல்லுக்காக ஒரு ரூபாகூடக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வீட்டுக்குத் தேவை பெரிய திரை, அல்லது நல்ல நிறம்.

உங்கள் ரீவிக்குள் என்ன வரப்போகிறது

கேபிள் இணைப்பிலும் டிஷ் இணைப்பிலும் வரும் சாதாரண அலைவரிசை 576 வரிகள்தான். அதை 2160 வரிகளாக ரீவி தானே நிரப்ப வேண்டும். மலிவான ரீவிகள் இந்த வேலையை மோசமாகச் செய்யும். முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரியும், எழுத்தோரங்கள் பொங்கும். வீட்டில் பொழுது முழுக்க ஓடுவது செய்தியும் நாடகமும் என்றால், கடையில் 4கே டெமோ வீடியோவைப் பார்த்து மயங்காமல், "கேபிள் சனலைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் நன்றாகத் தெரிகிற ரீவிதான் உங்களுக்கான ரீவி.

இணையத்தில் பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க நொடிக்கு 15 மெகாபிற் வேகம் தேவை. மணிக்கு 7 ஜிபிவரை டேட்டா போகும். எச்டியில் அதுவே 3 ஜிபிவரை. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கவலையில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டரில் மாதப் பொதி வைத்திருப்பவர்கள் இரண்டு படம் பார்த்தால் பொதியில் பாதி காலியாகிவிடும்; அவர்கள் செயலியின் அமைப்பில் தரத்தைக் குறைத்து வைப்பதுதான் புத்தி. பழைய கல்வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர் வைஃபையைக் குடித்துவிடும். ரவுட்டர் ஒரு அறையில், ரீவி அடுத்த அறையில் என்றால் ஒரு லான் வயரை இழுத்துவிடுங்கள். ரீவியின் லான் துளை பெரும்பாலும் 100 மெகாபிற்றோடு நின்றுவிடும், ஆனால் 4கேக்கு அது போதும்.

அன்ரனா ரியூனர் பற்றிக் கடைக்காரர் நீட்டி விளக்கினால் அதற்காகக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். டிஷ்ஷும் கேபிளும் பெரும்பாலும் தங்கள் பெட்டி வழியாகவே வருகின்றன. அந்தப் பெட்டிக்கு வேண்டியது, படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் ஓர் எச்டிஎம்ஐ துளை.

வெளிச்சம்: விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான்

சாதாரண ரீவித் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எல்ஈடி விளக்குகள், முன்னால் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும் தகடு. அந்தத் தகட்டில் இரண்டு வகை உண்டு. விஏ வகையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலும் நிறம் மாறாது. ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். எண்ணில் சொன்னால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம் ஐபிஎஸ்ஸில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவு, விஏயில் மூவாயிரத்துக்கும் மேல்.

எது நல்லது என்பது உங்கள் மண்டபத்தைப் பொறுத்தது. இரவில் லைட்டைக் குறைத்துவிட்டு நேரே இருந்து படம் பார்க்கும் வீட்டுக்கு விஏ. பாய் விரித்துச் சிலர் கீழே, சிலர் கதிரையில், அம்மா குசினி வாசலில் நின்றபடி என்று நாலு பக்கமிருந்தும் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ். கடையில் கண்டுபிடிக்கும் வழி: ரீவிக்கு நேரே நின்று ஒரு முகத்தைப் பாருங்கள், பிறகு நாலு எட்டுப் பக்கமாக நடந்து அதே முகத்தைப் பாருங்கள். தோல் நிறம் வெளிறினால் விஏ.

அடுத்தது பிரகாசம். அதை நிற் என்ற அலகில் அளப்பார்கள். மலிவு ரீவிகள் 250 முதல் 300 நிற். இரவுக்கு அது போதும். கதவும் யன்னலும் பகல் முழுக்கத் திறந்திருக்கும் நமது வீடுகளில், விறாந்தைப் பக்கம் பார்த்த சுவரில் மாட்டினால், பகல் ஆட்டம் பார்க்கும்போது திரையில் கிரிக்கெட்டைவிட வாசலே அதிகம் தெரியும். முதல் மருந்து இடத்தை மாற்றுவது: யன்னலுக்கு எதிர்ச் சுவரை விட்டு, யன்னலுக்குப் பக்கச் சுவரில் வையுங்கள். அது முடியாவிட்டால்தான் கூடுதல் பிரகாசத்துக்குக் காசு.

வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வேறுபாட்டோடு காட்டும் எச்டிஆர் என்ற முத்திரையும் எல்லாப் பெட்டியிலும் உண்டு. 300 நிற் திரையில் அது வெறும் முத்திரை. சிலவேளை எச்டிஆர் படம் போட்டால் இன்னும் இருட்டாகத் தெரியும். 600 நிற்றுக்கு மேல் போய், பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச்செய்யும் வசதியும் இருந்தால்தான் எச்டிஆர் வேலை செய்யும்.

பெயர்களையும் சுருக்கமாக: கியூஎல்ஈடி என்பது அதே எல்ஈடி ரீவிதான், நிறத்தைச் செழிப்பாக்கும் ஒரு படலம் கூடுதலாக உண்டு. மினி எல்ஈடியில் பின்விளக்குகள் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம், பகுதி பகுதியாக அணையும். ஓஎல்ஈடியில் பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும்.

கையில் உள்ள காசுக்கு எது

டொலர் ஆட ரீவி விலையும் ஆடும். ஆகவே கீழே உள்ள தொகைகளைப் படிக்கட்டாக எடுங்கள், விலைப்பட்டியலாக எடுக்காதீர்கள். மொத்தக் காசில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். சுவர் பிறக்கற், மின் பாதுகாப்பு, எச்டிஎம்ஐ கேபிள் எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

ஒன்றரை இலட்சத்துக்குள் என்றால் 43 அங்குலம், பெயர் தெரிந்த நிறுவனம். இதே காசுக்குக் கேள்விப்படாத பெயரில் 55 அங்குலம் கிடைக்கும், ஆசை வரும். எடுக்காதீர்கள். அந்த ரகங்களில் பின்விளக்குப் பட்டிகளை முழு மின்னோட்டத்தில் ஓடவிட்டுப் பிரகாசம் காட்டுவார்கள். ஒரு குண்டுமணி விளக்குப் போனாலே முழுத் திரையும் இருண்டு சத்தம் மட்டும் வரும். திருத்தப் பட்டி கிடைக்காது. இந்தப் படியில் எச்டிஆரையும், அசைவு எண் 200 என்பது போன்ற விளம்பர எண்களையும் மறந்துவிடுங்கள். திரை 60 ஹேர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தரம்தான் படத்தை மாற்றும். பார்க்க வேண்டியது ரீவியின் நினைவகம் 2 ஜிபி இருக்கிறதா, எச்டிஎம்ஐ துளை மூன்று இருக்கிறதா, சேவை நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா.

ஒன்றரை முதல் மூன்று இலட்சம்வரை என்றால் 50 அல்லது 55. இந்தப் படியில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுவது: 55 அங்குலச் சாதாரண எல்ஈடியா, 50 அங்குலக் கியூஎல்ஈடியா? 9 அடிக்கு மேல் தள்ளியிருந்து பார்க்கும் வீடு என்றால் பெரியது. 7 அடிக்குள் என்றால் நிறம் நல்ல 50. இன்னொன்றும் யோசியுங்கள். ஒல்லி ரீவிகளின் ஒலிபெருக்கி கீழே பார்த்தபடி இருக்கும், இரண்டும் தலா ஏறத்தாழ 10 வாற். மின்விசிறி ஓடும் மண்டபத்தில் வசனம் விளங்காமல் சத்தத்தைக் கூட்ட, பாட்டு வந்ததும் காது அடைக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், ஒரு படி குறைந்த ரீவி எடுத்து மிச்சக் காசில் ஒரு சவுண்ட்பார் எடுப்பது அதிக நிம்மதி தரும். அதை ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் கொடுக்க வேண்டும், மற்றத் துளைகளில் சத்தம் வராது.

மூன்று இலட்சத்துக்கு மேலே என்றால் பகுதி பகுதியாக மங்கும் மினி எல்ஈடி, 120 ஹேர்ட்ஸ் திரை, எச்டிஎம்ஐ 2.1 ஆகிய மூன்றும் ஒன்றாக உள்ள 55 அங்குலம். பந்து ஓடும்போது வால் பிடிக்காது, பகல் வெளிச்சத்திலும் படம் நிற்கும், பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிக்கும் உதவும். ஓஎல்ஈடியின் இரவுப் படத்துக்கு ஈடே இல்லை. ஆனால் காலையிலிருந்து இரவுவரை ஒரே செய்திச் சனல் ஓடும் வீட்டுக்கு அதை எடுக்க வேண்டாம். மூலையில் அசையாமல் நிற்கும் சனல் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் காலப்போக்கில் திரையில் நிரந்தரத் தழும்பாக விழும். அது உத்தரவாதத்துக்குள் வருமா என்று வாங்கமுதலே எழுத்தில் கேளுங்கள்.

தவணைக்கு எடுப்பவர்கள் முதற்பணத்தையும் எல்லாத் தவணைகளையும் கூட்டி, அதே ரீவியின் கைக்காசு விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சிலவேளை அந்த வித்தியாசத்துக்கு அடுத்த படி ரீவியே வந்துவிடும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி நாள்களில் கழிவு போடுவார்கள். அவசரமில்லையென்றால் பொறுத்திருக்கலாம்.

உள்ளே ஓடும் மென்பொருள்

சாம்சங் ரீவியில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், ஹைசென்ஸில் பெரும்பாலும் விடா, சோனி, டிசிஎல் போன்றவற்றில் கூகுள் ரீவி. இவற்றில் எதுவென்றாலும் வேலை நடக்கும். தவிர்க்க வேண்டியது, கூகுளின் அங்கீகாரம் இல்லாமல் கைபேசி அன்ட்ரொயிட்டை ரீவிக்குள் போட்டு விற்பது. கண்டுபிடிப்பது சுலபம்: முகப்புப் பக்கத்தில் பிளே ஸ்ரோர் இருக்காது, அல்லது இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் அதில் கிடைக்காது. வெளியிலிருந்து ஏற்றிய நெட்ஃபிளிக்ஸ் திறந்தாலும் உள்ளடக்கப் பாதுகாப்புத் தரம் குறைவாக இருப்பதால் படம் எச்டிக்குக்கூட ஏறாது. 4கே திரையில் மங்கல் படம் பார்க்கும் பரிதாபம் அது.

மற்றபடி திரை நல்லது, மென்பொருள் மட்டும் மந்தம் என்றால் பயப்படத் தேவையில்லை. நாலைந்து வருடம் கழித்து ஒரு ஸ்ரீமிங் ஸ்ரிக்கைச் செருகினால் ரீவி மறுபடி இளமையாகிவிடும். திரையைத்தான் மாற்ற முடியாது.

கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனை

காட்சிக்கு வைத்திருக்கும் ரீவிகள் எல்லாம் கடை மோட்டில், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஓடும். வீட்டு மோட்டுக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எடுப்பது காட்சி ரீவியை அல்ல, பெட்டியிலுள்ளதை; ஆகவே அந்தப் பெட்டியைத் திறந்து உங்கள் முன்னால் போட்டுக் காட்ட வேண்டும். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

ஒரு பென் டிரைவில் முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு, இளஞ்சாம்பல் ஆகிய நிறப் படங்களைப் போட்டுக்கொண்டு போங்கள். வெள்ளையில் செத்த புள்ளி கறுப்பாகத் தெரியும். கறுப்பில் மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா பாருங்கள். சிறிது கசிவது வழக்கம், ஒரு மூலை மட்டும் நிலாப்போல் வெளுத்திருந்தால் வேறு பெட்டி கேளுங்கள். சாம்பல் நிறத்தில் அழுக்குத் துணியால் துடைத்ததுபோலத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது முக்கியம். கமெரா மைதானத்தின் குறுக்கே திரும்பும்போது பச்சைப் புல்லில் நிழல்பட்டைகள் ஓடுவது இந்தக் குறையால்தான். பென் டிரைவில் 4கே வீடியோவும் வைப்பதென்றால் அதை எக்ஸ்ஃபற் முறையில் ஃபோர்மற் செய்யுங்கள். ஃபற்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.

திரை உண்மையிலேயே 4கே-தானா? "4கே ஆதரவு" என்று ஒட்டியிருக்கும் சில ரீவிகள் 4கே வீடியோவை வாங்கி, முழு எச்டி அல்லது அதற்கும் குறைந்த திரையில் காட்டுபவை. மெனுவில் 2160 என்று வந்தாலும் நம்ப முடியாது. எண்ணிப் பார்ப்பதுதான் வழி. ஒரு சிறு அட்டையில் சரியாக 1 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு துளை வெட்டிக்கொள்ளுங்கள். திரையில் வெள்ளை நிறத்தைப் போட்டு, அட்டையைத் திரையில் மெதுவாகப் பிடித்து, கைபேசிக் கமெராவை மிக அருகில் கொண்டுபோய் ஒரு படம் எடுங்கள். படத்தைப் பெருப்பித்தால் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகள் வரிசையாகத் தெரியும். மூன்றும் சேர்ந்தது ஒரு புள்ளி. 43 அங்குல 4கே திரையில் அந்த ஒரு சென்ரிமீற்றருக்குள் ஒரு வரிசையில் 40 புள்ளிகள் இருக்கும். 50 அங்குலத்தில் ஏறத்தாழ 35, 55 அங்குலத்தில் 31 அல்லது 32. அதில் பாதிதான் இருந்தால் அது முழு எச்டி. 43 அங்குலத்தில் 14 என்று வந்தால் வெறும் எச்டி ரெடி. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பற்றுச்சீட்டும் உத்தரவாதமும்

பற்றுச்சீட்டில் மொடல் இலக்கம் கடைசி எழுத்துவரை, தொடர் இலக்கம், திகதி மூன்றும் இருக்க வேண்டும். கடைசி எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் தகடே மாறியிருக்கலாம். உத்தரவாதம் எத்தனை வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள். திரைக்கு எத்தனை, உதிரிப்பாகத்துக்கு எத்தனை, கூலிக்கு எத்தனை? ஆள் வீட்டுக்கு வருவாரா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா, கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். மின்னலால் வரும் பழுதும், உடைந்த திரையும் பொதுவாக உத்தரவாதத்துக்குள் வராது. சொன்ன சொல்லைக் கடை காப்பாற்றாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம், அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

கனடா, அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் ரீவி என்றால் பிளக்கைச் செருகமுதல் பின்பக்க ஸ்ரிக்கரைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ற் என்றிருந்தால் நேரே செருகலாம். 120 வோல்ற் மட்டும் என்றிருந்தால் நமது 230இல் செருகிய கணமே மின்வழங்கல் பலகை போய்விடும். வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் கட்டாயம். பிரித்தானியா, ஜேர்மனி, சுவிஸ் ரீவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உத்தரவாதம் மட்டும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் இங்கே செல்லுபடியாகுமென்று நம்ப வேண்டாம்.

கொண்டுவருதலும் மாட்டுதலும்

பெட்டி எப்போதும் நிமிர்ந்தே பயணம் செய்ய வேண்டும். படுக்கவைத்தால் வீதிக் குலுக்கலில் தகடு நடுவில் வளைந்து வெடிக்கும். 43 அங்குலத்தை ஓட்டோவில் பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டு வரலாம். 55 அங்குலத்துக்குப் பட்டா எனும் சிறு லொறி பிடியுங்கள். பக்கச் சட்டத்தோடு நிமிர்த்திக் கட்டி, ஒருவர் பின்னால் இருந்து வரட்டும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகில் கொண்டுபோவோர் பெட்டியை முழுதாகப் பொலித்தீனில் சுற்றி, மேற்தட்டில் வைக்காமல் உள்ளே வையுங்கள். கடல்நீர் ஒரு துளி பலகையில் பட்டால் சில மாதத்தில் களிம்பு ஏறும்.

சுவரில் மாட்டும் உயரத்தில் எல்லோரும் பிழைவிடுகிறார்கள். திரையின் நடு, இருந்து பார்ப்பவரின் கண் மட்டத்தில் வர வேண்டும்: கதிரைக்கு நிலத்திலிருந்து மூன்றரை அடி. கதவு நிலைக்கு மேலே மாட்டினால் கழுத்து நோகும், விஏ திரை கீழிருந்து வெளிறியும் தெரியும். பாயில் இருப்போரும் உண்டு என்றால் சற்றுக் கீழே சாயும் பிறக்கற் எடுங்கள். ரீவியின் பின்னாலுள்ள நாலு துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு பிறக்கற் வாங்கப் போங்கள். 43இல் 200க்கு 200 மில்லிமீற்றர் வழக்கம், பெரியவற்றில் 300 அல்லது 400வரை வரும். ஸ்குறூ ஆணி தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் உள்ளே போய்த் தகட்டைக் குத்தும். கை இறுக்கத்தில் நின்றுவிட்டால் மேலும் முறுக்காதீர்கள்.

புதிய சீமெந்துக்கல் சுவரில் 8 மில்லிமீற்றர் துளையும், ஸ்குறூவை இறுக்கிப் பிடிக்கும் ரோல் பிளக்கும் போதும். பழைய சுண்ணாம்புக் கற்சுவரில் கவனம்: சாந்தில் துளைத்தால் பொடியாகக் கொட்டும், ரோல் பிளக் சுற்றும். துளையில் வரும் தூள் மாவாக இருந்தால் இடத்தை மாற்றிக் கல்லில் துளையுங்கள். கல் அகப்படாவிட்டால் ஒரு பலகையை ஆறு இடத்தில் இறுக்கி, அதில் பிறக்கற்றைப் பொருத்துங்கள்.

கரண்டும் இடியும்

ரீவிகள் பழுதாகும் காரணங்களில் பெரியது இது. பலர் பிழையான எதிரிக்குக் காவல் போடுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கே விற்கும் இன்றைய ரீவிகளில் பெரும்பாலானவற்றின் மின்வழங்கல் 100 முதல் 240 வோல்ற்வரை தாங்கும். ஆகவே மாலையில் வோல்ற் குறைந்து லைட் மங்கினால் ரீவிக்கு ஒன்றும் ஆகாது. அதற்காக ஸ்ரெபிலைசர் வாங்குவது வீண்செலவு. ஆபத்து மூன்று இடத்திலிருந்து வருகிறது.

ஒன்று, கரண்ட் போய்த் திரும்பி வரும் கணம். அந்த நேரத்து ஏற்றம்தான் உதைக்கும். கரண்ட் போனதும் சுவர்ச் சுவிட்சை நிறுத்துங்கள், வந்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள். ஜெனரேற்றரிலும் இதே முறை: இயந்திரம் சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் ரீவி, நிறுத்தமுதல் ரீவியை நிறுத்த வேண்டும்.

இரண்டு, நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுதல். காற்றில் தென்னோலையோ பனைமட்டையோ விழுந்து வீதிக் கம்பியில் நியூட்ரல் போனால் வீட்டுக்குள் 400 வோல்ற்வரை ஏறலாம். அடையாளம்: சில பல்புகள் திடீரெனக் கண் கூசப் பிரகாசிக்கும், மின்விசிறி வெறிபிடித்துச் சுற்றும். யோசிக்காமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மிகை வோல்ற்றில் தானாக வெட்டிவிடும் பாதுகாப்புக் கருவி ஒன்று பிளக்குக்கும் ரீவிக்கும் இடையில் இருந்தால், நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் அது காக்கும். ஸ்ரெபிலைசருக்கு வைத்த காசை இதற்குக் கொடுங்கள்.

மூன்று, மின்னல். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரத்து இடிதான் பொல்லாதது. இடி முழங்கத் தொடங்கியதும் பலர் பவர் பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். மின்னல் வருவது டிஷ் வயரிலும் கேபிள் வயரிலும்கூட. அது பெட்டிக்குள் நுழைந்து எச்டிஎம்ஐ வழியாக ரீவியின் பிரதான பலகையைச் சுட்டுவிடும். பவர் லைட் எரியும், படம் வராது, அல்லது எச்டிஎம்ஐ துளைகள் மட்டும் செத்திருக்கும். ஆகவே பவர் பிளக்கோடு டிஷ், கேபிள் வயர்களையும், ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள். இரவு படுக்கும்போதும், வெளியூர் போகும்போதும் மாரி காலத்தில் இதைப் பழக்கமாக்குங்கள். நேரே விழும் மின்னலைத் தாங்கும் கருவி எதுவும் கடையில் இல்லை.

சேர்ஜ் பாதுகாப்புப் பலகை சிறிய ஏற்றங்களுக்கு நல்லது, ஆனால் எர்த் இல்லாமல் அது பாதி வேலைதான் செய்யும். பழைய வயரிங் உள்ள வீடுகளில் இரண்டு துளைப் பிளக்குகளுக்கு எர்த்தே இருக்காது. மின்னியலாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இருந்தாலும் ஆடி ஆவணி வறட்சியில் நிலம் காய்ந்து எர்த் பலமிழக்கும். எர்த் கம்பி இறங்கும் குழிக்குக் கிணற்றடி வாளியால் வாரத்துக்கொருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். 80 வாற் இழுக்கும் 43 அங்குலம் நாளுக்கு 5 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 12 அலகு. 130 வாற் இழுக்கும் 55 அங்குலம் 19 அல்லது 20 அலகு. உங்கள் பட்டியல் ஏற்கெனவே 60 அல்லது 90 அலகின் விளிம்பில் நிற்கிறதென்றால், இந்த ஏழெட்டு அலகு வித்தியாசமே கட்டணத்தின் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். எடுக்கமுதல் பழைய பட்டியலை ஒருதரம் பாருங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டிய மாற்றங்கள்

டிஷ் பெட்டியை மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்துவிட்டு "படம் மங்கல்" என்று முறையிடுவோர் அதிகம். எச்டிஎம்ஐயில் கொடுங்கள், பெட்டியின் அமைப்பில் வெளியீட்டை 1080க்கு உயர்த்துங்கள். வெளியிலிருந்து ஒரு கருவியில் 4கே கொடுப்பவர்கள், அந்த எச்டிஎம்ஐ துளைக்குரிய உயர்தர சமிக்ஞை அமைப்பை ரீவி மெனுவில் திறந்துவிட வேண்டும். பல ரீவிகளில் அது மூடியே வரும்.

படத்துக்கு விவிட் மோட்டை விட்டு சினிமா அல்லது பிலிம்மேக்கர் மோட்டுக்குப் போங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும். கூர்மையைக் குறையுங்கள். கேபிள் சனலின் பொங்கும் எழுத்தோரம் உடனே அடங்கும். பின்விளக்கை 60 அல்லது 70இல் வையுங்கள், 100இல் ஓடும் ரீவிதான் மூன்றாம் வருடம் இருளுவது. அசைவைச் சீராக்கும் வசதியைக் கிரிக்கெட்டுக்குப் போடுங்கள், படத்துக்கு நிறுத்துங்கள்.

சோளகக் காற்றுத் தொடங்கினால் புழுதி. திரையை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம் மேற்படலத்தை அரிக்கும். பின்னாலுள்ள காற்றுத் துளைகளை மாதமொருமுறை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். இளஞ்சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் அங்கேதான் வந்து சேரும். பலகையில் பல்லி விழுந்து இரு முனையைத் தொட்டால் ரீவி போய்விடும். அதற்காகத் துளைகளை ஒட்டி அடைக்காதீர்கள், சூடு வெளியேற வேண்டும். சுவருக்கும் ரீவிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விட்டு, பின்னால் வயர் நுழையும் சுவர்த் துளையை மட்டும் அடையுங்கள். ஓடும் ரீவியில் பூவேலைத் துணி போர்த்த வேண்டாம். பருத்தித்துறை, குருநகர், ஊர்காவற்றுறை போலக் கரையோரம் இருப்பவர்கள் கடற்காற்று நேரே அடிக்கும் யன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். உப்பு முதலில் தின்பது எச்டிஎம்ஐ துளைகளின் முனைகளை.

பெட்டியையும் ரெஜிபோமையும் உத்தரவாதம் முடியும்வரை அலுமாரிக்கு மேலே போட்டுவையுங்கள். திருத்தக் கொழும்புக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தப் பெட்டி இல்லாமல் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றினாலும் முழுதாகப் போய்ச் சேராது.